ரஷ்யா போகுமுன் மொழி கற்கிறீர்களா? முதலில் எழுத்தைத் தொடுங்கள்

மாஸ்கோவில் நாலு தெரு நடந்தால் போதும், ஒரு பலகை கண்ணில் படும். ஆங்கில எழுத்து என்று நினைத்துப் படித்தால் 'பெக்டோபா' என்று வரும். உண்மையில் அது 'ரெஸ்தரான்', அதாவது உணவகம். பசியோடு வந்தவர் உணவகத்தின் வாசலில் நின்றுகொண்டே உணவகத்தைத் தேடுவார். எழுத்தை விட்டுவிட்டு நாற்பது வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புவதால் வரும் வினை இது. பயணத்துக்காக ரஷ்ய மொழி படிப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் பெரியது என்பேன்.

ரஷ்ய எழுத்துகள் மொத்தமே 33. சின்ன வயதில் 247 எழுத்துகளைக் கற்ற நமக்கு இது ஒரு சுமையே இல்லை. தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் பலகைகளைக் கூட்டிப் படிக்க வந்துவிடும். புதிய வடிவங்களைக் கண்டு பயப்பட வேண்டாம், அவை சீக்கிரம் மனதில் நின்றுவிடும். ஆங்கில வேடத்தில் வரும் எழுத்துகள்தான் ஏமாற்றும். பார்க்கிங் பலகையில் இருக்கும் எழுத்து அங்கே 'ர'. பஸ் என்பதன் முதல் எழுத்து 'வ'. ஆஸ்பத்திரி இருப்பதைக் காட்டும் எச் வடிவம் 'ந'. சி வடிவம் 'ஸ', எக்ஸ் 'ஹ', ஒய் 'உ'. இந்த ஆறையும் முதல் நாளே தனியாக எழுதிப் பழகுங்கள்.

அப்புறம், அச்சு எழுத்தோடு நின்றுவிடாதீர்கள். உணவகப் பட்டியல்களில் சாய்வெழுத்து வரும். அதில் 'த' ஒலிக்கான எழுத்து ஆங்கிலச் சின்ன எம் போலவே இருக்கும்.

அடுத்த தவறு நாம் தமிழர்கள் என்பதாலேயே செய்வது: நோட்டில் ரஷ்யச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைப்பது. 'தோச்கா' என்று எழுதிவைத்தால் அது மகளா, புள்ளியா? 'போச்கா' பீப்பாயா, சிறுநீரகமா? 'பீத்' என்றால் குடிப்பதா, அடிப்பதா? ஒவ்வொரு ஜோடியிலும் முதல் ஒலி மட்டுமே வேறு. பந்து என்பதன் 'ப'வும் பல் என்பதன் 'ப'வும் நம் காதுக்கு வேறு, எழுத்தில் ஒன்று. ரஷ்ய மொழியில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. இங்கே நான் தமிழில் எழுதிக் காட்டும் சொற்களையும் அடையாளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

ஏனென்றால் அங்கே எழுதியபடியே படித்தாலும் தப்பாகிவிடும். சொல்லில் ஓர் அசைக்கு மட்டும் அழுத்தம் விழும். அழுத்தம் இல்லாத 'ஒ' பெரும்பாலும் 'அ' ஆகிவிடும். பால் என்ற சொல்லை 'மொலொகொ' என்று எழுதி 'மலகோ' என்பார்கள். 'ஹொரொஷொ' என்று எழுதும் 'நல்லது', வாயில் 'ஹரஷோ' ஆகும். அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறிவிடும்: 'ஸாமக்' கோட்டை, 'ஸமோக்' பூட்டு. இரண்டையும் எழுதுவது ஒரே மாதிரிதான், சாதாரண அச்சில் அழுத்தக்குறி போடுவதும் இல்லை. ஒலிப்பதிவு இல்லாத சொற்பட்டியலை நம்பி உட்காராதீர்கள்.

'ப்ரிவேத்' என்ற சொல்லைப் பலர் முதலில் கற்று எல்லோரிடமும் சொல்கிறார்கள். அது நண்பர்களுக்குள் சொல்வது. கடைக்காரரிடமும் வயதானவரிடமும் 'ஸ்த்ராஸ்த்வுய்தெ'தான் மரியாதை. நாக்கு சுற்றினாலும் இதைப் பழகிக்கொள்ளுங்கள். 'நீ', 'நீங்கள்' வேறுபாடு அவர்களிடமும் உண்டு: 'தீ', 'வீ'. அறிமுகமில்லாதவரை 'வீ' என்றே பேச வேண்டும். இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை.

பலகைச் சொற்களை விட்டுவிடுவதும் தவறுதான். 'வ்ஹோத்' நுழைவு, 'வீஹத்' வெளியேறும் வழி. எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் நடுவில் ஓர் எழுத்துதான், மெட்ரோ நெரிசலில் அது முக்கியம். 'காஸ்ஸா' பணம் கட்டும் இடம், 'அப்தேகா' மருந்துக்கடை. ஆனால் 'மகஸீன்' என்றால் பத்திரிகை இல்லை, கடை. கழிவறையில் எம் எழுத்து ஆண்களுக்கு. ஆறு கால் பூச்சி போன்ற எழுத்து பெண்களுக்கு.

கடைசியாக ஒன்று. 'ஸ்கோல்கா ஸ்தோயித்?' (என்ன விலை?) என்று அழகாகக் கேட்கக் கற்றுக்கொள்கிறார்கள், பதிலைப் புரிந்துகொள்ளக் கற்பதில்லை. எண்களைப் படிக்காமல் அந்தக் கேள்வியைப் படித்துப் பயனில்லை. 'த்வினாத்ஸத்' 12, 'த்வாத்ஸத்' 20. 'தேவித்' 9, 'தேசித்' 10. வேகமாகச் சொன்னால் பழகிய காதும் தடுமாறும். அந்த நேரத்தில் 'நபிஷீத்யெ, பஜால்ஸ்தா' என்று சொல்லி ஒரு தாளை நீட்டுங்கள். தயவுசெய்து எழுதிக் காட்டுங்கள் என்று பொருள். இலக்கங்கள் அங்கேயும் நாம் எழுதும் 1, 2, 3தான்.