காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இதே தொல்லைதான். மதியம் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும் கார், விடியற்காலையில் முரண்டு பிடிக்கும். உடனே புதுப் பற்றரி வாங்க ஓடாதீர்கள். திறப்பைத் திருப்பி, என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள்.

எஞ்சின் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றினால், அல்லது 'டிக்' என்று மட்டும் கேட்டால், பற்றரிப் பக்கம் பாருங்கள். வயர் பூட்டும் முனையான டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். கல்லடி, கல்முனைக் கரையோரங்களில் உப்புக்காற்று அந்த அரிப்பை இன்னும் கூட்டும். நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள். அப்புறம் வோல்ட் மீட்டர் வையுங்கள். இரவு முழுக்க நின்ற பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டினால் நல்லது. 12.2 என்றால் பாதிச் சார்ஜ்தான்.

வேகமாகச் சுற்றியும் பற்றவில்லையா? அப்போது பற்றரியில் குற்றமில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) உள்ள பெட்ரோல் கார் என்றால் ஈரத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உட்புறத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொரு வழி: இருட்டில் பொனட்டைத் திறந்து வைத்து, வேறொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். பிளக் வயர் வழியே நீலப் பொறி ஓடினால் வயரை மாற்றத்தான் வேண்டும். கை மட்டும் வைக்காதீர்கள்.

இன்ஜெக்ஷன் கார் (பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் வகை) என்றால், ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை 'ஓன்' வரை இரண்டு மூன்று தடவை திருப்பிப் பாருங்கள். அதன்பின் உடனே பற்றினால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்குகிறது.

டீசல் காருக்கு, டாஷ்போர்டில் ஹீட்டர் லைட் அணையும்வரை பொறுங்கள். அப்படியும் வெள்ளைப் புகையோடு திணறினால் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள்.