குவாய்மாஸ் சேத்துல எண்ணெய் பாத்தா அவசரப்படாதீங்க

லேப்ல புதுசா சேர்ந்த ரெண்டு பசங்க போன வாரம் ஒரு குரோமட்டோகிராமை (சேத்துல என்னென்ன சேர்மம் இருக்குன்னு காட்டுற வரைபடம்) வச்சுக்கிட்டு குதிச்சிட்டிருந்தாங்க, எட்டிப் பாத்ததும் எனக்கு பழைய வயித்தெரிச்சல் கிளம்பிருச்சு, ஏன்னா அதே தப்பை நானும் பண்ணிருக்கேன். கிளவுஸ் போடு, பிளாஸ்டிக் பையில வைக்காதேன்னுலாம் இங்க சொல்லப்போறதில்ல; குவாய்மாஸ் கடலடிச் சேத்தை ஆராயும்போது நாம பண்ற தப்பான முடிவுகளை மட்டும் சொல்றேன்.

எண்ணெய் இருந்தா சேறு வெந்துருச்சுன்னு முடிவு பண்றது

குவாய்மாஸ் படுகை கலிபோர்னியா வளைகுடாவுல சுமார் 2000 மீட்டர் ஆழத்துல இருக்கு. கடலடி பிளந்து விரியுற இடம், ஆனா டயட்டம்ங்கிற நுண்பாசி செத்து விழுந்து விழுந்து நூத்துக்கணக்கான மீட்டருக்கு சேறு மூடிக்கெடக்கு, அதனால கீழருந்து வர்ற மாக்மா வெளிய வர வழியில்லாம சேத்துக்குள்ளயே தகடு தகடா புகுந்து உறையுது. அந்தச் சூட்டுல சேத்துல இருக்குற கரிமப்பொருள் வெந்து எண்ணெயாகுது. மத்த இடத்துல பல பத்து லட்சம் வருஷம் புடிக்கிற இந்த வேலை இங்க சீக்கிரமே முடிஞ்சிடுது, எண்ணெயோட ரேடியோகார்பன் வயசே 5000 வருஷத்தை ஒட்டித்தான்.

என்கிட்ட இருந்தது மேலாப்புல எடுத்த சேறு. டப்பாவைத் திறந்தாலே டீசல் நாத்தம். வேகாத சேறுன்னா ஆல்கேன்ல (கார்பன் சங்கிலி ஹைட்ரோகார்பன்) ஒத்தைப்படை எண்ணிக்கையில கார்பன் உள்ளது தூக்கலா நிக்கும், இதுல ஒத்தையும் ரெட்டையும் கிட்டத்தட்ட சமம். உடனே நான் "இது 150 டிகிரி பாத்த சேறு"ன்னு எழுதி அதுமேல ஒரு வெப்ப மாடலையும் கட்டினேன், நாலு மாசம் போச்சு. சீனியர் ஒருத்தர் "கெரோஜனைப் பாத்தியாப்பா?"ன்னாரு. பாக்கல. கெரோஜன்னா கரைப்பான்ல கரையாம சேத்துலயே தங்குற கரிமப்பொருள். அப்புறம் பாத்தா கெரோஜன் சுத்தமா வேகவே இல்ல! எண்ணெய் ஆழத்துல உண்டாகி, வெந்நீரோட ஏறி வந்து, ஆறி ஒட்டிக்கிச்சு, அவ்ளோதான். குடிவந்தவனை வீட்டு ஓனர்னு நினைச்ச கதை.

கெரோஜனைப் பாக்குறேன்னு சாம்பிளை அப்படியே ராக்-எவல்ல (சாம்பிளை சூடாக்கி வெளிய வர்றதை அளக்குற கருவி) போட்டுடாதீங்க. கனமான பிட்டுமன் (கரைப்பான்ல கரையுற, தார் மாதிரி பொருள்) கெரோஜன் காட்டுற ரெண்டாவது பீக்ல கலந்து டிமேக்ஸை, அதாவது அந்த பீக் உச்சத்துக்குப் போற வெப்பநிலையை, கீழ இழுத்துவிடும். டைகுளோரோமீத்தேன்ங்கிற கரைப்பான்ல நல்லா எக்ஸ்ட்ராக்ட் பண்ணிட்டு மிச்சத்தைப் போடுங்க, ஒருநாள் கூடுதலா ஆகும், ஆகட்டுமே.

மீத்தேன் மொத்தமும் சூட்டுல வந்ததுன்னு சொல்றது

நுண்ணுயிரும் மீத்தேன் விடும். ஈத்தேன் எவ்ளோ, கார்பன் ஐசோடோப் என்னன்னு பாத்துட்டு பேசுங்க.

ஆழத்தை மட்டும் வச்சு சூட்டைக் கணக்குப் போடுறது

மாக்மா தகடு எவ்ளோ பக்கத்துல இருந்துச்சுன்னு பாருங்க.

தகடு ஓரத்துல கார்பன் கம்மின்னா முதல்லயே இல்லைன்னு எழுதுறது

இருந்துச்சு. வெந்து கிளம்பிருச்சு.