ஹிஸ்டோன் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி, குடியாத்தம் பக்கத்துப் பிளஸ் டூ பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தும்போது நியூக்ளியோசோம் (டி.என்.ஏ.வும் ஹிஸ்டோன் என்ற புரதங்களும் சேர்ந்த சிறு கட்டு) படத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பலர் டி.என்.ஏ.வை நடுவில் வைத்து, புரதத்தை உறைபோலச் சுற்றி வரைந்துவிடுகிறார்கள். தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம்: தார் சுற்றும்போது குச்சி உள்ளே, நூல் வெளியே. இங்கே ஹிஸ்டோன் உள்ளே. அதன்மேல் 147 கார இணை (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளமுள்ள டி.என்.ஏ. ஏறத்தாழ 1.65 சுற்று சுற்றியிருக்கிறது.

உள்ளே இருப்பவை எட்டுப் புரதங்கள்: எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஒவ்வொன்றிலும் இரண்டு. எச்1-ஐ இதில் சேர்த்து எண்ணாதீர்கள். டி.என்.ஏ. நுழைந்து வெளியேறும் இடத்தில் அது வெளியிலிருந்து ஒட்டிக்கொள்கிறது. பாடப்புத்தகத்தில் வரும் 200 கார இணை, இரண்டு நியூக்ளியோசோம்களுக்கு நடுவே ஓடும் இணைப்பு டி.என்.ஏ.வையும் சேர்த்த கணக்கு.

மின்சுமையை வெறும் மனப்பாடமாக வைத்துக்கொள்வதும் தவறு. டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டுக்கு எதிர்மின் சுமை. ஹிஸ்டோனில் நிறைந்துள்ள லைசின், ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலங்களுக்கு நேர்மின் சுமை. லைசினில் அசிட்டைல் தொகுதி ஏறினால் அந்த நேர்மின் சுமை போய்விடும், பிடி தளரும். சரி, அப்படியானால் மெத்தில் தொகுதி ஏறினால் மூடிக்கொள்ளுமா? அப்படித்தான் பலர் எழுதுகிறார்கள். மெத்தில் லைசினின் சுமையை மாற்றுவதே இல்லை. எந்த லைசினில் ஏறுகிறது என்பதுதான் முக்கியம்: எச்3-இன் 4-ஆவது லைசினில் மூன்று மெத்தில் இருப்பது செயல்படும் மரபணுவின் அடையாளம், 9-ஆவதிலோ 27-ஆவதிலோ இருந்தால் அடங்கிக் கிடக்கும் மரபணு.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தரும் தவறு ஒன்று உண்டு. 2.2 மீட்டர் டி.என்.ஏ. சின்ன உட்கருவுக்குள் அடங்குகிறது என்று கணக்குப் போட்டதோடு பாடத்தை மூடிவிடுகிறார்கள். இடத்தை மிச்சப்படுத்துவது பாதி வேலைதான். எந்த மரபணுவைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்பதிலும் இந்தச் சுற்றலுக்குப் பங்கு உண்டு. வேலூர்ப் பிள்ளைகளுக்கு இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம். 1986-லேயே சி.எம்.சி. மருத்துவமனையில், ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோயான தலசீமியாவுக்காக எலும்பு மஜ்ஜை மாற்று செய்தார்கள். ஹீமோகுளோபினின் பகுதியான பீட்டா குளோபின் குறையும் பீட்டா தலசீமியா உள்ளவர்களின் உடலிலும், கருவில் இருந்தபோது அதன் இடத்தில் வேலை செய்த காமா குளோபின் மரபணு பத்திரமாகவே இருக்கிறது. பிறந்த பிறகு பி.சி.எல்.11ஏ என்ற புரதம், அசிட்டைலை நீக்கும் நொதிகளை அங்கே வரவழைத்து அதை அடக்கிவைக்கிறது. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை, ரத்த ஸ்டெம் செல்களில் அந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைத்து, காமா குளோபினை மறுபடி வேலை செய்ய வைக்கிறது.