இரு கயிறுகளை இணைக்க ரீஃப் முடிச்சு வேண்டாம்: புதிய கேடட்களுக்குச் சில எச்சரிக்கைகள்

கடந்த வாரம் படகுத்துறையில் புதிதாகச் சேர்ந்த கடல் கேடட்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வயதில் நான் செய்த தவறுகளை ஒன்று விடாமல் செய்தார்கள். உயிர்காப்பு அங்கியின் பட்டையை இறுக்காதது, விசிலை மறந்துவிட்டு வருவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. பயிற்றுநர் ஒருமுறை அதட்டினால் அவை சரியாகிவிடும். அதட்டியும் போகாதவை வேறு.

ரீஃப் முடிச்சால் கயிறுகளை இணைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. முதல் சில நாட்களிலேயே கற்றுத்தருகிற முடிச்சு இது. வலதை இடதின்மேல், பிறகு இடதை வலதின்மேல். தட்டையாக, பார்க்க அழகாக உட்காரும். அதனாலேயே எதற்கெடுத்தாலும் பிள்ளைகள் இதைப் போட்டுவிடுகிறார்கள்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. பழுதான ஒரு டிங்கியை, அதாவது சிறு படகை, கரைக்கு இழுத்துவர வேண்டும். இழுவைக் கயிற்றின் நீளம் போதவில்லை. கையில் கிடைத்த மெல்லிய நைலான் கயிற்றை அதன் நுனியோடு சேர்த்து ரீஃப் முடிச்சுப் போட்டேன். இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பாதி வழியில் ஓர் அலை டிங்கியைத் தூக்கிப் போட்டது. கயிறு ஒரு கணம் தொய்ந்து, பிறகு வெடுக்கென்று விறைத்தது. முடிச்சுக்குள் இருந்த தடித்த கயிறு நேராக நிமிர்ந்தது. மெல்லிய கயிறு அதன்மேல் வெறும் வளையமாகி, வழுக்கிக்கொண்டே போய் நுனியில் கழன்று விழுந்தது. எல்லாம் இரண்டு நொடிகள். டிங்கி பாறையில் மோதிப் பக்கவாட்டில் பிளந்தது. அந்தப் பருவம் முழுவதும் எங்கள் குழுவுக்கு ஒரு படகு குறைவு. அதில் ஆள் யாரும் இல்லாமல் போனது யார் செய்த புண்ணியமோ!

முடிச்சின்மேல் குற்றமில்லை. பாய்மரக் கப்பல்களில் காற்று வலுக்கும்போது பாயின் பரப்பைக் குறைத்து, சுருட்டிய பகுதியைக் கட்டிவைக்கப் பயன்பட்ட முடிச்சு அது. பாயைச் சுருக்கும் அந்த வேலைக்கே ரீஃப் என்று பெயர். ஒரு நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு குலைந்து சட்டென்று அவிழும்; பாயில் அது வசதி, இழுவைக் கயிற்றில் அதுவே ஆபத்து. கயிறுகளின் தடிமன் வேறுபட்டால் இன்னும் மோசம்.

இணைப்பதற்கு ஷீட் பெண்ட் என்ற முடிச்சு இருக்கிறது. தடித்த கயிற்றின் நுனியை மடித்து ஒரு காதுபோலப் பிடியுங்கள். மெல்லிய கயிற்றைக் காதுக்குள் கீழிருந்து மேலே கொண்டுவந்து, மடிப்பின் இரு கால்களையும் பின்னால் சுற்றி, அந்த மெல்லிய கயிற்றின் அடியிலேயே செருகுங்கள். இரு கயிறுகளின் நுனிகளும் ஒரே பக்கம் நிற்க வேண்டும். கயிறு வழுக்கக்கூடியது என்றால் பின்னால் இன்னொரு சுற்றுச் சுற்றிச் செருகுங்கள். அவகாசம் இருந்தால் ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் போலைன் என்ற இறுகாத கண்ணி முடிச்சைப் போட்டு, இரு கண்ணிகளையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துவிடலாம்.

"இழுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது" என்று மட்டும் சொல்லாதீர்கள். கை சீராக இழுக்கும். அலை அப்படி இழுப்பதில்லை.

போர்ட் எது, ஸ்டார்போர்ட் எது

இரண்டும் படகுக்கு உரியவை, உங்கள் கைகளுக்கு அல்ல. படகின் முன்முனையான அணியத்தைப் பார்த்து நிற்கும்போது இடப்பக்கம் எதுவோ அதுதான் போர்ட், வலப்பக்கம் ஸ்டார்போர்ட். நீங்கள் பின்முனையான அமரத்தை நோக்கித் திரும்பி நின்றாலும் அது மாறாது.

"மணிக்குப் பத்து நாட்"

'பத்து நாட்' போதும். நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர்.

கயிற்று வளையத்துக்குள் கால்

வைக்கவே கூடாது.

"தூரத்தில்தானே வருகிறது"

பிள்ளைகள் தூரத்தை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது திசை. எதிர்ப்படும் கப்பல் எந்தத் திசையில் தெரிகிறது என்று காம்பஸில் பாருங்கள். சற்று நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். அது நெருங்கிக்கொண்டே இருக்க, எண் ஏறக்குறைய மாறாமல் நின்றால் மோதல் ஆபத்து இருக்கிறது என்றே 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் கொள்ளச் சொல்கின்றன. உடனே படகை நடத்துபவரிடம் சொல்லுங்கள்.

எண் மாறினாலும் நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாத நேரங்களும் உண்டு. மிகப் பெரிய கப்பலாக இருந்தால், அல்லது எதையாவது இழுத்துக்கொண்டு வந்தால், அல்லது ஏற்கெனவே மிக அருகில் வந்துவிட்டால், திசை நன்றாக மாறிக்கொண்டிருக்கும்போதே மோதல் நேரலாம். கப்பலின் அணியம் உங்களைத் தாண்டிப் போயிருக்கும். அதன் அமரம் இன்னும் வந்துகொண்டிருக்கும்.