அண்ணாச்சி கடைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ்: முதல் நாளே திட்டு வாங்காமல் போட்டுக்கொடுக்க

அம்பாசமுத்திரமோ பாளையங்கோட்டையோ, ஒரு ஜெராக்ஸ் கடையின் பழைய கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்வோம். 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போடுவது பெரிய வேலையே இல்லை. போட்ட பிறகு அண்ணாச்சி தமிழில் அடிக்கணும், பழைய மனுவைத் திறக்கணும், பிரிண்ட் எடுக்கணும். இந்த மூன்றும் ஓடினால் போதும். தீம், வால்பேப்பர் எல்லாம் பிறகு.

1. பிரிண்டரில் தொடங்குங்கள்

8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓடவிட்டு ஒரு பக்கம் பிரிண்ட் எடுங்கள். எச்பி மாடல்கள் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். கேனான் எல்பிபி 2900 வராது. அது ‘கேப்ட்’ என்ற தனி முறையில் ஓடுவது, தனி டிரைவர் இல்லாமல் அசையாது. கடையே அந்தப் பிரிண்டரை நம்பி இருந்தால் கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள்.

2. காப்பி எடுத்துவிட்டுப் போடுங்கள்

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றோடு விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் காப்பி எடுங்கள். அதை மறந்தால் 4-ஆம் படியில் முழிப்பீர்கள். 4 ஜிபி ராமுக்கு மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். பழைய ஹார்டுடிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி மாட்டினால் வேகம் கண்ணுக்கே தெரியும்.

மெனுவைத் தமிழுக்கு மாற்ற ஆசை வரும். வேண்டாம். ‘ஃபைல், பிரிண்ட்’ என்று பழகியவர் ‘கோப்பு, அச்சிடு’ எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்.

3. தமிழ்த் தட்டச்சு

பலரும் சறுக்குவது இங்கேதான். கீபோர்டு செட்டிங்கின் லேஅவுட் பட்டியலிலேயே தமிழ்நெட் 99 (தமிழ்99 விசைமுறைதான்) இருக்கும். அதைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். தமிழ்99-இல் அ, ம, ம, ஆ என்று தட்டினால் ‘அம்மா’ வரணும். அந்த லேஅவுட்டில் ஒரு விசைக்கு ஓர் எழுத்துதான். நடுவில் உள்ள மகரத்துக்குப் புள்ளி தானாக விழாது.

அதனால் சாஃப்ட்வேர் மேனேஜரில், தட்டச்சு முறைகளை ஓட்டும் ‘ஐபஸ்’ (ibus), ‘ஐபஸ்-எம்17என்’ (ibus-m17n) இரண்டையும் போடுங்கள். ‘இன்புட் மெத்தட்’ பகுதியில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். லாக்அவுட் செய்யாவிட்டால் எதுவும் நடக்காது, கோளாறு என்று நினைத்துவிடுவீர்கள். பிறகு ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழ்99-ஐச் சேருங்கள். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்த கையாக இருந்தால் அதே பட்டியலில் உள்ள ‘டைப்ரைட்டர்’. விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

4. பழைய ஃபைல்கள்

பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த மனுவைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கிலக் குறிகளாக நிற்கும். ஃபைல் கெடவில்லை; ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான். ஹோம் ஃபோல்டரில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து ‘ஃபான்ட்ஸ்’ என ஆங்கிலத்தில் (.fonts) ஒரு ஃபோல்டர் உருவாக்கி, காப்பி எடுத்த ஃபான்ட்களை அதில் போடுங்கள். புள்ளி வைத்ததும் ஃபோல்டர் மறைந்துவிடும். கன்ட்ரோல்+எச் அழுத்தினால் தெரியும். மின்ட்டோடு வரும் லிபர்ஆபிஸின் ரைட்டரை (வேர்டு மாதிரியானது) மூடித் திறங்கள். விண்டோஸின் யூனிகோடு ஃபான்ட்டான லதாவில் அடித்தவை ஃபான்ட் இல்லாமலே தமிழாகத் தெரியும், ஆனால் வரிகள் நகர்ந்து ஒரு பக்க மனு இரண்டு பக்கமாகலாம்.

5. சின்னச் சின்னது

லிபர்ஆபிஸில் ‘டூல்ஸ் – ஆப்ஷன்ஸ் – லோட்/சேவ் – ஜெனரல்’ போய், எப்போதும் வேர்டு வடிவில் சேமிக்கும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் மெயிலில் ஃபைல் வாங்கியவர் ‘திறக்கலையே’ என்று போன் போடுவார். கண்ணாடி போட்டவருக்கு எழுத்து பெரிதாகத் தெரிய ஃபான்ட் டிபிஐயை 96-லிருந்து 115 ஆக்குங்கள். சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்டை ஓடவிடுங்கள், ஆனால் அது சிஸ்டத்தைத்தான் காக்கும், வழக்கமான செட்டிங்கில் அண்ணாச்சியின் மனுக்களைத் தொடாது. அவற்றுக்குத் தனி பென்டிரைவ்தான்.

6. கிளம்பும் முன்

“அண்ணாச்சி, ஒரு வாரிசுச் சான்று மனு அடிச்சு பிரிண்ட் எடுங்க பாப்போம்” என்று மவுஸை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். கை எங்கே தயங்குகிறதோ, அதற்கு டெஸ்க்டாப்பில் ஓர் ஐகான் வையுங்கள்.