கனசாவா: பார்க்கப் போகிறவர்களும் குடியேறப் போகிறவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானுக்குப் போகிற நம்மவர்களின் பயணத் திட்டத்தில் கனசாவாவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பகல். காலையில் டோக்கியோவில் ஷின்கான்சென் ஏறுகிறார்கள். மதியம் தோட்டம், மாலை பழைய தேநீர் விடுதித் தெரு, இரவுக்குள் கியோட்டோ. இஷிகாவா மாநிலத்தின் தலைநகரான இந்த ஊருக்கு 2015 மார்ச்சில் அதிவேக ரயில் வந்தது. டோக்கியோவிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்றான பிறகு இந்தப் பழக்கம் இன்னும் வலுத்துவிட்டது. மற்ற தவறுகள் எல்லாம் இந்த அவசரத்திலிருந்துதான் பிறக்கின்றன என்பது என் கருத்து. கனசாவாவில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை மழையும் பனியும் சந்தை நேரமும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள். வேறு ஊரில் போட்ட அட்டவணையோடு வருகிறவருக்கு இந்த ஊர் பிடிபடாது.

அவசரத்தோடு கூடவே வருவது, இதை 'சின்னக் கியோட்டோ' என்று நினைத்துக்கொள்வது. கியோட்டோ பேரரசரும் பிரபுக்களும் வாழ்ந்த நகரம். கனசாவா சாமுராய்களின் கோட்டை நகரம். 1583-இல் மயேதா தொஷியியே இங்கே கோட்டைக்குள் வந்த பிறகு சுமார் மூன்று நூற்றாண்டுகள் அந்தக் குடும்பமே ஆண்டது. அவர்களுடைய ககா நாட்டின் மதிப்பு பத்து லட்சம் கொக்கு; ஒரு கொக்கு என்பது ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு வேண்டிய அரிசி. நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்கு அடுத்தபடியான இந்தச் செல்வத்தை மயேதாக்கள் படை திரட்டக் கொட்டி ஷோகுனின் சந்தேகத்தைச் சம்பாதிக்கவில்லை. அரக்குப் பூச்சு, பட்டுச் சாயம், பீங்கான், தேநீர்ச் சடங்கு, நோ நாடகம் என்று கலைகளில் செலவழித்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஊர் குண்டுவீச்சுக்குத் தப்பியதால் அந்தக் கால வீதிகள் வளைவுகளோடும் முட்டுச்சந்துகளோடும் அப்படியே நிற்கின்றன. 'சின்னக் கியோட்டோ' ஊர்களின் கூட்டமைப்பிலிருந்தும் கனசாவா விலகிவிட்டது. கோவில்களைத் தேடி அலையாமல் கைவினைகளைத் தேடிப் போனால் இந்த ஊர் உங்களுக்கு நன்றாகத் திறக்கும்.

தங்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானில் தயாராகும் தங்கத் தாளில் ஏறக்குறைய முழுவதும் இங்கேதான் அடிக்கப்படுகிறது. பலர் தங்கத் தாள் ஒட்டிய ஐஸ்கிரீமுடன் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பழைய தேநீர் விடுதித் தெருவான ஹிகாஷி ச்சாயாவிலிருந்து சில நிமிட நடையில் நகராட்சியின் யசுயே தங்கத்தாள் அருங்காட்சியகம் இருக்கிறது. தங்கத்தை ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு எப்படி அடித்து மெலிக்கிறார்கள் என்பதை அங்கே பார்க்கலாம். இடையில் வைக்கும் காகிதத்தைப் பதப்படுத்துவதே தனி வித்தை. ஐஸ்கிரீமுக்கு முன்னால் அங்கே அரை மணி நேரம் செலவிடுங்கள்.

மழையும் பனியும்

டோக்கியோவின் வானிலையைப் பார்த்துப் பெட்டி கட்டுவது அடுத்த தவறு. டோக்கியோவின் குளிர்காலம் வறண்டது, வெயில் பளிச்சென்று அடிக்கும். கனசாவாவில் அது நேர் எதிர். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் மேல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து, ஹகுசான் மலைத்தொடரில் மோதி, மழையாகவும் பனியாகவும் கொட்டுகிறது. ஆண்டுக்குச் சுமார் 2400 மி.மீ. பெய்கிறது; டிசம்பரும் ஜனவரியும்தான் மிக ஈரமான மாதங்கள். இடி இடிக்கும் நாட்கள் ஆண்டுக்கு 40-க்கும் மேல். ஜப்பானின் பெருநகரங்களில் இதற்கு ஈடு இல்லை, அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்தில்தான். 'சோற்று டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே' என்பது உள்ளூர்ப் பழமொழி. காலையில் வெயில் அடித்தாலும் குடையோடு போகிறவர்களைப் பார்த்து நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலணி அதைவிட முக்கியம். இங்கே விழுவது ஈரப் பனி. அதைக் கரைக்கப் பல சாலைகளின் நடுவே பதித்த குழாய்கள் நிலத்தடி நீரைப் பீய்ச்சுகின்றன. சாலையில் பனி கரைந்துவிடும், ஆனால் ஓரத்தில் கணுக்கால் அளவுக்குச் சேறும் நீரும் நிற்கும். துணிக் காலணியோடு வருகிறவரின் நாள் பத்தே நிமிடத்தில் கெட்டுப்போகும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை உள்ளூர்க்காரர்கள் அலுவலகத்துக்கே போட்டுப்போகிறார்கள்.

இதே ஈரப் பனிதான் கென்ரொக்குஎன் தோட்டத்தின் பெயர்பெற்ற காட்சிக்கும் காரணம். கனம் தாங்காமல் கிளைகள் முறிந்துவிடும் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 அன்று கரசாக்கி பைன் மரத்தில் தொடங்கி, மர உச்சியிலிருந்து கயிறுகளைக் கூம்பாக இறக்கிக் கிளைகளைத் தாங்கிக் கட்டுகிறார்கள். மார்ச் நடுவில் அவிழ்க்கத் தொடங்குவார்கள். அதைப் பார்க்க விரும்பி ஏப்ரலில் போனால் கிடைப்பது செர்ரிப் பூ, கயிறு இல்லை. தோட்டத்துக்குக் காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். சுற்றுலா பஸ்கள் வந்து நிற்கும் நேரம் அது. அதிகாலையில் இலவசமாக நுழையலாம். ஒரே நிபந்தனை, கட்டண நேரம் தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பே வெளியே வந்துவிட வேண்டும். ஆளரவமற்ற கசுமிகா குளக்கரையில் நின்று பார்க்காமல் இந்தத் தோட்டத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

பருவம் தெரியாமல் நண்டு கேட்பதும் அடிக்கடி நடக்கிறது. ஆண் நண்டு நவம்பர் 6 முதல் மார்ச் 20 வரை. சிறிய, முட்டை நிறைந்த பெண் நண்டு டிசம்பர் இறுதியோடு முடிந்துவிடும். கோடையில் ஓமிச்சோ சந்தையில் கிடைக்கும் நண்டு வெளியூர்ச் சரக்கு அல்லது உறைய வைத்தது. இந்தச் சந்தைக்குச் சுமார் 300 ஆண்டு வயது. ஊர்க்காரர்கள் இன்றும் இரவுச் சமையலுக்கு மீன் வாங்குகிற இடம். வாங்கியதைக் கடை வாசலில் நின்றே சாப்பிட வேண்டும், நடந்துகொண்டே சாப்பிடக் கூடாது. மாலை ஐந்து மணிக்குள் மீன் கடைகள் மூடத் தொடங்கிவிடும்.

ஹிகாஷி ச்சாயாவிலும் இப்படி ஒழுங்குகள் உண்டு. 1820-இல் அமைக்கப்பட்ட இந்த மர வீடுகளின் தெருவில் இன்றும் கெய்கிகள் (ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கலைஞர்கள்) தொழில் செய்கிறார்கள். மாலையில் வேலைக்குப் போகிறவரை வழிமறித்துப் படம் எடுப்பதும், திறந்திருக்கிறதே என்று யார் வீட்டு வாசலுக்குள்ளும் நுழைவதும் வேண்டாம். உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க ஷிமா என்ற பழைய தேநீர் விடுதி கட்டணத்துக்குத் திறந்திருக்கிறது. நகமாச்சியின் சாமுராய் சந்துகளிலும் மண்சுவர்களுக்குப் பின்னால் குடும்பங்கள் வாழ்கின்றன. பெட்டியின் சக்கரச் சத்தம் அங்கே நெடுந்தூரம் கேட்கும்.

'நிஞ்ஜா கோவில்' என்று அழைக்கப்படும் மியோர்யூஜிக்கும் நிஞ்ஜாக்களுக்கும் தொடர்பே இல்லை. மறைகதவுகளும் பொறிக்குழிகளும் கொண்ட, 1643-இல் மயேதாக்கள் கட்டிய கோவில் அது. முன்பதிவு இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே படம் எடுக்கவும் அனுமதி இல்லை.

ரயில் விஷயத்தில் பழைய பயணக் குறிப்புகளை நம்பாதீர்கள். 2024 மார்ச் 16 அன்று ஷின்கான்சென் தென்மேற்கே உள்ள த்சுருகா வரை நீண்டது. அன்று முதல் ஒசாகா, கியோட்டோவிலிருந்து வரும் தண்டர்பேர்ட் ரயில் கனசாவாவுக்கு வருவதில்லை. த்சுருகாவில் இறங்கி மாற வேண்டும். கூடவே, கனசாவாவைச் சுற்றியுள்ள பழைய ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாதைகள் உள்ளூர் நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டன. ஜேஆர் பாஸை நீட்டித் தொயாமா பக்கமோ கோமாத்சு பக்கமோ சாதாரண ரயிலில் ஏறினால் தனிக் கட்டணம் கேட்பார்கள். ககயாக்கி என்ற ஷின்கான்சென் ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியே கிடையாது.

சாப்பாட்டில், சைவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று சொல்வதோடு நிறுத்தினால் போதாது. சூப், குழம்பு, வேகவைத்த காய்கறி எல்லாவற்றிலும் உலர்மீனில் எடுத்த தாஷி சாறு இருக்கும். கனசாவா கறி என்ற பெயரைப் பார்த்து ஆசைப்படவும் வேண்டாம். அது கெட்டியான கரும்பழுப்புக் குழம்பு, மேலே பன்றி இறைச்சிக் கட்லெட்டும் முட்டைகோஸும். மேலே உள்ளதை எடுத்துவிட்டாலும் குழம்பு அசைவமே. ககா காய்கறிகள் என்று தனிப் பெயர் பெற்ற தாமரைக்கிழங்கு, கெஞ்சுகே முள்ளங்கி, கொரோஜிமா சர்க்கரைவள்ளி ஆகியவற்றைச் சந்தையில் வாங்கி அடுப்பு வசதியுள்ள விடுதியில் சமைப்பதுதான் நிம்மதி. அந்தத் தாமரைக்கிழங்கின் மாவுத்தன்மை வேறெங்கும் கிடைக்காதது.

குடியிருக்க வருகிறவர்களுக்கு

வேலைக்கோ படிப்புக்கோ வருகிறவர்கள் முதலில் தவறுவது தூரத்தில். ஜெய்ஸ்ட் என்று அழைக்கப்படும் முதுநிலைப் பல்கலைக்கழகம் கனசாவாவில் இல்லை, தெற்கே நோமி நகரத்தின் குன்றுகளில் இருக்கிறது. கனசாவா பல்கலைக்கழகமே மையத்திலிருந்து விலகிக் ககுமா மலையில்தான். சுரங்க ரயில் இல்லாத ஊர் இது. பஸ்தான் கதி, அதுவும் இரவில் சீக்கிரம் நின்றுவிடும். வீடு பார்க்கும்போது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை வாடகைக்கு முன்பாகக் கேளுங்கள்.

கார் வாங்க நினைத்தால், இந்தியாவிலோ இலங்கையிலோ எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி அதிகபட்சம் ஓராண்டுக்கே செல்லும். இடையில் சில வாரம் ஊருக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தால் கணக்கு மறுபடி தொடங்கும் என்று நம்பிப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஜப்பானில் குடியிருப்புப் பதிவு உள்ளவர் மூன்று மாதத்துக்குக் குறைவாக வெளியே இருந்துவிட்டு வந்தால் அது கணக்கில் வராது. ஜப்பானிய உரிமமாக மாற்றும் வேலையை முதல் சில மாதங்களிலேயே தொடங்கிவிடுங்கள். டிசம்பர் பிறப்பதற்குள் பனி டயர் மாட்டியிருக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் பக்கத்து ஃபுக்குயி மாநிலத்தின் தேசிய நெடுஞ்சாலை 8-இல் சுமார் 1500 வாகனங்கள் பனியில் புதைந்து நின்றன. குளிர்காலத்தில் காரில் போர்வை, குடிநீர், மண்வாரி மூன்றும் இல்லாமல் கிளம்பக் கூடாது.

வீட்டுக்குள் எதிரி ஈரம். துணி வெளியே காயாது, ஜன்னலில் நீர் வழியும், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். ஈரம் நீக்கும் கருவியை முதல் மாதச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அறையைச் சூடாக்கும் மண்ணெண்ணெய் அடுப்பைப் பல வாடகை வீடுகளில் அனுமதிப்பதில்லை. வாங்கும் முன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். கடும் குளிர் எச்சரிக்கை வந்த இரவில் குழாயை மெல்லிய நூலாகத் திறந்து விடாவிட்டால் உள்ளே நீர் உறைந்து குழாய் வெடிக்கும்.

குப்பை விஷயத்தில் நல்லவர்கள்கூடக் கெட்ட பெயர் வாங்குகிறார்கள். 2018 பிப்ரவரியிலிருந்து வீட்டுக் குப்பைக்கு நகராட்சி குறித்த கட்டணப் பையையே பயன்படுத்த வேண்டும். எரியும் குப்பை வாரத்துக்கு இருமுறை, மற்றவை வெவ்வேறு நாட்களில். முந்தின இரவே வைத்தால் காகங்கள் கிழித்துத் தெருவெல்லாம் பரப்பிவிடும். குப்பை சேரும் இடத்தைப் பராமரிப்பது நகராட்சி ஊழியர் அல்ல, அந்தத் தெருவின் ச்சோனாய்காய் என்ற குடியிருப்போர் சங்கம். தவறாக வைத்த பையைத் திரும்பக் கட்டி ஒழுங்கு செய்பவர் பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர். இதை அறிந்தால் யாருக்கும் அலட்சியம் வராது. சங்கத்தில் சேருவது கட்டாயமில்லை என்று ஒதுங்கியிருப்பதை நான் பெரிய தவறாகவே கருதுகிறேன். பனி அதிகம் விழுந்த காலையில் எல்லோரும் சேர்ந்து தெருவின் பனியை வாரி வழி திறக்கிறார்கள். அப்போது வெளியே வராத ஒரே வீடு உங்களுடையதாக இருக்க வேண்டாம்.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மண்ணையும் பாருங்கள். 2024 ஜனவரி 1 மாலை 4.10-க்கு நோத்தோ தீபகற்பத்தை 7.6 அளவு நிலநடுக்கம் தாக்கியபோது, வெகு தூரத்தில் இருந்த கனசாவாவின் தகாமி ஷின்மாச்சியிலும் சாலை சரிந்து வீடுகள் கீழே போயின. பல்கலைக்கழக மாணவர்கள் வீடு தேடும் பகுதிக்கு அருகில்தான் அது. மொரிமோத்தோ-தொகாஷி என்ற நிலநடுக்கப் பிளவு நகரத்தின் ஊடாகவே ஓடுகிறது. ஹிகாஷி ச்சாயாவின் பக்கத்தில் அமைதியாகப் போகும் அசனோ ஆறு 2008 ஜூலையில் கரைபுரண்டது. வெள்ள அபாய வரைபடத்தில் அந்த வீடு எங்கே இருக்கிறது என்பதை ஒப்பந்தத்துக்கு முன் காட்ட வேண்டியது 2020 ஆகஸ்டிலிருந்து வீட்டு முகவரின் சட்டக் கடமை. நிலச்சரிவு வரைபடத்தையும், அருகிலுள்ள புகலிடப் பள்ளி எது என்பதையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன் பிறகு முத்திரை இடுங்கள்.