பாரிஸுக்கு முதல் பயணம்: வீட்டிலிருந்தே செய்யப்படும் தவறுகள்

கோடை விடுமுறை நெருங்கும்போது, பாரிஸ் செல்லவிருக்கும் உறவினர்களும் நண்பர்களின் நண்பர்களும் தங்கள் பயணத்திட்டத்தை எனக்கு அனுப்பி, "ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. முன்பு போய்வந்த நாங்களெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்ட அதே தவறுகள், அதே வரிசையில் அந்தத் திட்டங்களில் திரும்ப வருகின்றன. பணப்பையைப் பத்திரமாக வைத்திருங்கள், நடப்பதற்கு ஏற்ற காலணி அணியுங்கள் என்பன போன்ற அறிவுரைகளை எல்லோரும் சொல்லிவிட்டார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். விமானம் ஏறுவதற்கு வெகு நாட்களுக்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து முன்பதிவு செய்யும்போது நேரும் பிழைகளே இங்கே பேச்சு.

விசா கிடைக்கும் முன் பணத்தை முடக்குதல்

பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. அதனுடன் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் தேவை. தங்குமிடச் சான்றும் விமான முன்பதிவும் கேட்கப்படுவதைப் பார்த்துப் பயந்து, பணம் திரும்பக் கிடைக்காத சலுகை விலைச் சீட்டுகளை முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள். விசா தாமதமானாலோ மறுக்கப்பட்டாலோ அந்தப் பணம் முழுவதும் போய்விடும். ரத்து செய்யக்கூடிய முன்பதிவு சற்று விலை கூடுதலாக இருந்தாலும் அதையே எடுக்க வேண்டும்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. விமானம் பாரிஸில் இறங்குகிறது என்பதற்காகப் பிரான்ஸிடம் விண்ணப்பிப்பது சரியாகிவிடாது. அதிக இரவுகள் எந்த நாட்டிலோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் மூன்று இரவு, சுவிட்சர்லாந்தில் ஐந்து இரவு என்றால் விண்ணப்பம் சுவிட்சர்லாந்துக்கு உரியது. இரவுகள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும்.

ஊருக்கு வெளியே அறை எடுத்தல்

இத்தனை ஆண்டுகளாகச் சொல்லியும் குறையாத தவறு இதுதான். எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவதும் இதுதான். முன்பதிவுத் தளத்தில் விலை குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்திப் பார்க்கிறார்கள். பெயரில் "பாரிஸ்" என்று இருக்கும் ஒரு விடுதி, பெரிய அறை, காலை உணவுடன், பாதி விலையில் கிடைக்கிறது. நகர மையத்திலிருந்து 23 கிலோமீட்டர் என்று கீழே சிறிய எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. படித்தவர்களும், "ரயில்தான் இருக்கிறதே" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

பாரிஸ் நகரம் அளவில் சிறியது. சுற்றுவட்டச் சாலைக்குள் அடங்கும் 20 வட்டாரங்கள், லூவ்ர் அருங்காட்சியகம் இருக்கும் முதல் வட்டாரத்திலிருந்து தொடங்கி நத்தை ஓட்டைப்போலச் சுருண்டு வெளிநோக்கிச் செல்கின்றன. இருபுறமுள்ள இரு பெரும் பூங்காக்காடுகளையும் சேர்த்தே ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டர்தான். நாம் பார்க்கப் போகும் பெரும்பாலானவை இதற்குள் இருக்கின்றன. இதற்கு வெளியே இருப்பது வேறு மாவட்டம், வேறு நகராட்சி, வேறு வாழ்க்கை.

ஒரு விடுதி எங்கே இருக்கிறது என்று கண்டறிய வரைபடத்தைக்கூடத் திறக்க வேண்டாம். முகவரியில் உள்ள ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்த்தால் போதும். 75 என்று தொடங்கினால் அது பாரிஸ். கடைசி இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைச் சொல்லும். 75011 என்றால் பதினொன்றாம் வட்டாரம். 77 என்றால் டிஸ்னிலேண்ட் இருக்கும் கிழக்குப் பகுதியாக இருக்கலாம். 95 என்றால் சார்ல் தெ கோல் விமான நிலையத்தை ஒட்டிய ருவாசியாக இருக்கலாம். 92, 93, 94 ஆகியவை நகரை ஒட்டிச் சூழ்ந்த மாவட்டங்கள். இவற்றில் மோன்ருழ், லெவல்லுவா போன்று மெட்ரோ நுழையும் ஊர்களில் தங்குவதில் பெரிய குறை இல்லை. மெட்ரோ நிலையம் நடக்கும் தொலைவில் இல்லாத 92-ஐயும் 93-ஐயும் 94-ஐயும் தொடவே வேண்டாம்.

2025 ஜூனில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பரின் குடும்பம் சென்றது: கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன். விமான நிலையத்துக்கு அருகில் இரவுக்கு 70 யூரோ குறைவு என்று ஐந்து இரவுக்கு அறை எடுத்தார்கள். வியாழன் இரவு இறங்கிச் செவ்வாய் காலை புறப்படுவதாகத் திட்டம். சேமிப்பு 350 யூரோ என்று எனக்குப் பெருமையாகத் தகவல் வந்தபோது பணம் ஏற்கெனவே கட்டியாகியிருந்தது.

கணக்கு இப்படிப் போயிற்று. 2025-இல் நடைமுறைக்கு வந்த கட்டண முறைப்படி விமான நிலைய ரயில் நிலையத்துக்கும் நகருக்கும் இடையே ஒருவருக்கு ஒருவழிக்கு 13 யூரோ. நால்வர் போய்வர 104 யூரோ. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று நான்கு நாட்களுக்கு 416 யூரோ. நகருக்குள் தங்கியிருந்தால் வந்தபோது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும் மட்டும் இந்தச் சீட்டை வாங்கியிருப்பார்கள். அதற்கு 104 யூரோ ஆகியிருக்கும். வித்தியாசம் 312 யூரோ. ஆக, 350 யூரோ சேமிப்பில் மிஞ்சியது 38 யூரோ. அதுவும் விடுதிக்குப் பக்கத்தில் வேறு கடை இல்லாததால் விடுதியிலேயே உண்ட இரவு உணவில் கரைந்தது.

பணமாவது கிட்டத்தட்ட நேராயிற்று. நேரத்தை எந்தக் கணக்கிலும் ஈடுகட்ட முடியவில்லை. விடுதி வேனுக்குக் காத்திருந்து, ரயில் நிலையம் சேர்ந்து, ஆர்.இ.ஆர். பி என்னும் புறநகர் ரயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் பயணித்து, நகருக்குள் மெட்ரோ மாறி முதல் இடத்தை அடைய ஒன்றேகால் மணி நேரம். திரும்புவதற்கும் அதே. நான்கு நாட்களில் பத்து மணி நேரம், அதாவது ஊர் சுற்றும் ஒரு முழு நாள், வேனிலும் ரயிலிலும் கழிந்தது.

பறிபோன நேரம் எந்த நேரம் என்பதையும் பார்க்க வேண்டும். ஜூன் மாதத்தில் பாரிஸில் சூரியன் மறைவதே இரவு பத்து மணியை ஒட்டித்தான். வெயில் தணிந்த எட்டு மணிக்கு மேல் சேன் நதிக்கரை முழுவதும் மக்கள் உட்கார்ந்திருப்பார்கள். இருட்டிய பின் ஒவ்வொரு மணி நேரத்தின் தொடக்கத்திலும் ஈபிள் கோபுரம் ஐந்து நிமிடம் மின்னும். முதல் பயணத்தில் மனத்தில் நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டு மூன்று மணி நேரமே. அந்தக் குடும்பம் ஒவ்வொரு நாளும் ஒன்பதரைக்கே கிளம்பியது, ஏனென்றால் கடைசி வேனைப் பிடிக்க வேண்டும். பி தடத்தில் பின்னிரவில் பராமரிப்புப் பணிக்காக ரயிலை நிறுத்திவிட்டுப் பேருந்து விடும் நாட்களும் உண்டு என்பதால் அந்த அச்சம் நியாயமானதும்கூட. கோபுரத்தைப் பகலில் பார்த்துவிட்டார்கள். மின்னும்போது ஒருநாளும் பார்க்கவில்லை. மகள் அதைத் தோழியின் கைப்பேசிக் காணொளியில் பார்த்ததாக அம்மா பின்னர் வருத்தத்துடன் சொன்னார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், குழுச் சுற்றுலாவைத்தான் சொல்லத் தோன்றுகிறது. பத்து நாளில் ஆறு நாடு காட்டும் நிறுவனங்கள் புறநகர் விடுதிகளில்தான் தங்க வைக்கின்றன. அவர்களுக்கு வாசலிலேயே பேருந்து நிற்கிறது; விமான நிலையமும் நெடுஞ்சாலையும் பக்கத்தில் இருப்பது அவர்களுக்கு வசதி. சொந்தமாகச் செல்பவர் அதே விடுதியைப் பேருந்து இல்லாமல் எடுத்துக்கொள்கிறார். சென்றமுறை குழுவோடு சென்ற மாமா பரிந்துரைத்தார் என்று ஒருவர் எனக்கு அனுப்பிய விடுதியின் முகவரி, 77 என்றுதான் தொடங்கியது.

நகருக்குள் தங்குவதில் சங்கடம் இல்லாமல் இல்லை. அறைகள் சிறியவை, இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது. மின்தூக்கி இருந்தால் அதில் ஒருவரும் ஒரு பெட்டியும்தான் போகலாம். நால்வர் தங்கும் அறை அரிது. இரண்டு அறையோ, சமையல் வசதியுள்ள அடுக்கக விடுதியோ எடுக்க நேரும். ஒன்று, ஆறு, ஏழாம் வட்டாரங்களில் விலை கைக்கு எட்டாது. ஆனால் 11, 12, 13, 14, 15 ஆகிய வட்டாரங்களில், மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், தாங்கக்கூடிய விலையில் அறை கிடைக்கும். இரண்டு தடங்கள் சந்திக்கும் நிலையமாக இருந்தால் இன்னும் நல்லது. அப்படியும் கட்டுப்படியாகவில்லை என்றால் ஐந்து இரவை நான்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி நேரத்தை ரயிலில் கழிக்கும் ஐந்து நாளைவிட, மதியம் அறைக்கு வந்து கால் நீட்டிவிட்டு மாலையில் மீண்டும் கிளம்பக்கூடிய நான்கு நாள் மேல்.

கிழமை பார்க்காத பட்டியல்

விசாவுக்காக ஒப்புக்கு எழுதிய நாள்வாரித் திட்டத்தையே பலர் உண்மைத் திட்டமாகப் பின்பற்றுகிறார்கள். அதில் தேதி இருக்கும், கிழமை இருக்காது. லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமை மூடியிருக்கும். லூவ்ர் இல்லாத செவ்வாயில் பாதிக் கூட்டம் வெர்சாய்க்குப் போகும் என்பதால், அங்கே செல்லச் செவ்வாயும் உகந்த நாள் அல்ல. மாறாக, புதனும் வெள்ளியும் லூவ்ர் இரவு 9 மணி வரையிலும், வியாழனன்று ஓர்சே 9.45 வரையிலும் திறந்திருக்கும். கூட்டம் கலைந்த அந்த மாலை நேரத்தைச் சுற்றித் திட்டம் போட்டால் மற்ற நாட்கள் தாமாக அமைந்துவிடும்.

அருங்காட்சியகப் பொதுச்சீட்டு வாங்கியவர்கள், அதைக் காட்டினால் எங்கும் நுழையலாம் என்று எண்ணுகிறார்கள். லூவ்ருக்கும் வெர்சாய்க்கும் அந்தச் சீட்டு இருந்தாலும் நேரத்தைத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும்; ஈபிள் கோபுரம் அதில் சேரவே சேராது. நவீனக் கலை அருங்காட்சியகம் உள்ள பொம்பிதூ மையத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். புதுப்பிப்புக்காக 2025-இல் மூடப்பட்டது, 2030-இல்தான் திறக்கும்.

ஈபிள் கோபுரச் சீட்டு

மின்தூக்கிச் சீட்டுகள் 60 நாட்களுக்கு முன் அதிகாரபூர்வத் தளத்தில் திறக்கப்படும், அன்றே வாங்குங்கள்.

நோத்ர தாமுக்குப் பணம் கட்டுதல்

2019 தீவிபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட பேராலயத்துக்குள் நுழையக் கட்டணமே கிடையாது.

வாரப் பயண அட்டையின் வாரம்

பாரிஸ் பொதுப் போக்குவரத்து அட்டையான நாவிகோவின் வாரச் சீட்டு எந்த நாளில் வாங்கினாலும் அதிலிருந்து ஏழு நாள் செல்லும் என்று நினைக்கிறார்கள். அது திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டுமே செல்லும். நடப்பு வாரத்துக்கு வியாழன் வரைதான் வாங்க முடியும், வெள்ளியிலிருந்து அடுத்த வாரத்துக்குத்தான் கிடைக்கும். மேலே சொன்ன குடும்பம் வியாழன் இரவு இறங்கியதால் இதுவும் அவர்களுக்கு உதவவில்லை. திங்கட்கிழமை இறங்குபவருக்கோ இதைவிட மலிவானது வேறில்லை. விமான நிலையப் பயணமும் அதில் அடக்கம். அட்டைக்கு 5 யூரோவும் ஒரு சிறிய புகைப்படமும் வேண்டும் என்பதால், கடவுச்சீட்டு அளவுப் படம் ஒன்றை ஊரிலிருந்தே கொண்டு செல்வது நல்லது. வாரச் சீட்டு ஒத்துவராதவர்கள் 2 யூரோ விலையுள்ள நாவிகோ ஈஸி அட்டையில் தனிச் சீட்டுகளை ஏற்றிக்கொள்ளலாம். ஆளுக்கொரு அட்டை கட்டாயம். ஒரே அட்டையைக் குடும்பமே மாற்றி மாற்றித் தட்டி உள்ளே போனால் பரிசோதகர் அபராதம் விதிப்பார்.

பொவே விமான நிலையம்

மலிவு விமானங்கள் "பாரிஸ்" என்று எழுதி இறக்கும் இந்த இடம் நகரிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

வயதான பெற்றோரை மெட்ரோவில் அழைத்துச் செல்லத் திட்டமிடுதல்

பழைய மெட்ரோ நிலையங்களில் பெரும்பாலானவற்றில் மின்தூக்கி கிடையாது. தடம் மாறுவதற்கு நீண்ட சுரங்க நடையும் படிகளும் உண்டு. முழுவதும் படியின்றிச் செல்லத்தக்க தடம் 14-ஆம் எண் தடம். அது 2024 ஜூன் முதல் ஓர்லி விமான நிலையம் வரை செல்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பேருந்தே ஏற்றது. நேரம் சற்றுக் கூடினாலும் ஊரைப் பார்த்துக்கொண்டே போகலாம். விடுதி எடுக்கும்போதே வாசலருகில் எந்தப் பேருந்துத் தடம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தைத் திட்டத்தில் சேர்க்காதது

பெரும்பாலான உணவகங்களின் சமையலறை பகல் 12 முதல் 2 வரையும், பின்னர் மாலை 7 மணிக்கு மேலும்தான் இயங்கும். மூன்றரை மணிக்கு அருங்காட்சியகத்திலிருந்து பசியோடு வெளியே வரும் குடும்பத்துக்குச் சுற்றுலாப் பயணிகளைக் குறிவைக்கும் கடையும் அதன் விலையும்தான் மிஞ்சும். சைவ உணவுக்காரர்கள் ஓர் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்: நார் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பல். இரண்டாம் எண் மெட்ரோவில் லா ஷப்பெல் நிலையத்தில் இறங்கினால் தோசையும் இடியப்பமும் கிடைக்கும் தெருக்கள் சில அடிகளில் தொடங்கிவிடும். மூன்று வேளையும் அங்கேயே போய்வருமாறு திட்டம் போடுவது மட்டும் வேண்டாம். ரொட்டிக் கடையில் ஒரு பகெத்தும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பூங்காவில் உட்கார்ந்து உண்பது சைவ உணவுக்காரர்களுக்கும் ஒத்துவரும்.

ஆகஸ்ட்

அக்கம்பக்க ரொட்டிக் கடைகளும் சிறு உணவகங்களும் பல வாரக்கணக்கில் விடுமுறைக்கு மூடியிருக்கும்; லாச்சப்பல் விநாயகர் தேர் பார்க்க விரும்புபவர்கள் மட்டும் மாதக் கடைசியைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அதை உறுதிசெய்த பிறகே விமானச் சீட்டு எடுக்க வேண்டும்.